பழைய கார்ட் கடனுக்கு படலையில வந்து நிண்ட ஆக்கள், என் அனுபவம்

கிளிநொச்சியில எங்கட படலையடியில ரெண்டு பெடியள் மோட்டச்சைக்கிள்ல வந்து நிண்டு, அக்கம்பக்கத்துக்கும் கேக்கிற மாதிரி என்ர பழைய கிரெடிட் கார்ட் காசைக் கட்டச்சொல்லி சத்தம் போட்டாங்கள். அம்மா நடுங்கிப் போனா, அதை நினைக்க இப்பவும் கோவம் வருது. அடையாள அட்டையும் பேங்க் தந்த கடிதமும் காட்டுங்கோ எண்டு கேட்டன், அவங்களிட்ட இருந்தது கொப்பி ஒற்றையில பேனையால எழுதின ஒரு தொகை மட்டும் தான்.

பேங்குக்குப் பதிவுத்தபால்ல எழுதினன், முதல் எவ்வளவு வட்டி எவ்வளவு கடைசியாக் கட்டினது எப்ப எண்டு எழுத்தில தாங்கோ எண்டு, ஆனா கடனை ஒத்துக்கொள்ளுறன் எண்டு ஒரு வரியும் எழுதேல்ல. ஏனெண்டா எழுத்து ஒப்பந்தக் கடனுக்கு பொதுவா 6 வருசத்துக்குள்ள வழக்குப் போடோணும், நடுவில கொஞ்சம் கட்டினாலோ ஒத்துக்கொண்டு கையெழுத்து வச்சாலோ அந்தக் காலம் திரும்பத் தொடங்கும். "ஆயிரம் ரூபா எண்டாலும் தாங்கோ" எண்டு கேட்டா சட்டத்தரணி ஒராளிட்ட கேட்டுட்டு குடுங்கோ.

என்ர கடன் அவ்வளவு பழசில்ல. பேங்க் பதில் தராம இழுக்க மத்திய வங்கியின்ர 1935 எண்ட நம்பருக்கு எடுத்து முறைப்பாடு குடுத்தன். பிறகு தான் கூப்பிட்டு தண்ட வட்டியக் கழிச்சு தவணை போட்டுத் தந்தவை. கட்டி முடிச்சு, கடன் தீர்ந்த கடிதமும் வாங்கி, கிறிப் (கடன் தகவல் பணியகம்) அறிக்கையிலயும் சரியா விழுந்திருக்கோ எண்டு பாத்தன்.