ஐ-94, ஐ-9: அமெரிக்காவில் இறங்கிய நாளிலிருந்து வேலையில் சேரும் வாரம் வரை

அமெரிக்க வேலைக்குப் போகிறவர்களில் நிறையப் பேர் பாஸ்போர்ட்டில் ஒட்டியிருக்கும் விசாவின் கடைசித் தேதியைத்தான் மனதில் வைத்திருக்கிறார்கள். அந்தத் தேதிக்குள் எல்லைக்கு வந்து நுழைவு கேட்கலாம், விசா சொல்வது அவ்வளவுதான். உள்ளே எத்தனை நாள் தங்கலாம் என்பதை ஐ-94 என்ற வருகைப் பதிவுதான் தீர்மானிக்கிறது. முன்பெல்லாம் அது ஒரு சின்ன வெள்ளை அட்டை. அதிகாரி தேதி போட்டு பாஸ்போர்ட்டோடு ஸ்டேப்ளர் அடித்துத் தருவார், பாஸ்போர்ட்டைத் திறக்கும்போதெல்லாம் தேதி கண்ணில் படும். 2013 ஏப்ரல் கடைசியில் தொடங்கி விமான நிலையங்களிலும் துறைமுகங்களிலும் அந்த அட்டையை நிறுத்தி எல்லாவற்றையும் மின்பதிவாக்கிவிட்டார்கள். இப்போது பல இடங்களில் முத்திரைகூடக் குத்துவதில்லை. உங்கள் தேதி என்ன என்று யாரும் கையில் கொடுக்க மாட்டார்கள், நீங்களேதான் போய்ப் பார்க்க வேண்டும்.

படி 1: வந்து இறங்கியதும் ஐ-94ஐ எடுங்கள்

எல்லைக் காவல் துறையான சிபிபி நடத்தும் ஐ-94 தளத்துக்குப் போங்கள். ஏற்கெனவே பதிவான ஐ-94ஐப் பார்க்கக் கட்டணம் கிடையாது, யாராவது பணம் கேட்டால் அது அரசுத் தளம் இல்லை. பெயர், பிறந்த தேதி, பாஸ்போர்ட் எண், நாடு ஆகியவற்றைக் கொடுத்தால் பதிவு வரும். அதில் இருக்கும் 11 இலக்க எண்ணில் கடைசிக்கு முந்தைய இடத்தில் ஒரு எழுத்து இருந்தால் பயப்பட வேண்டாம், 2019லிருந்தே அப்படித்தான்.

நம் ஆட்களுக்குப் பெரும்பாலும் சிக்கல் வருவது பெயரில்தான். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இடம் காலியாக இருந்தால், உங்கள் ஒரே பெயர் குடும்பப் பெயராகவும், முதல் பெயர் இடத்தில் எஃப்என்யு (FNU, முதல் பெயர் தெரியவில்லை) என்றும் விசாவில் அச்சாகியிருக்கும். தேடும்போதும் அப்படியே கொடுத்துப் பாருங்கள். வரவில்லை என்றால் பாஸ்போர்ட்டில் உள்ளபடி, அப்புறம் இரண்டு சொல் பெயரைச் சேர்த்து எழுதி. விசா பழைய பாஸ்போர்ட்டில் இருந்தால் அந்த எண்ணையும் போட்டுப் பாருங்கள். கிடைத்ததும் பிடிஎஃப் ஆகச் சேமித்து, ஒரு பிரதி அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

படி 2: தேதியைச் சரிபாருங்கள்

இதை மட்டும் தயவுசெய்து தள்ளிப்போடாதீர்கள். எச்-1பி (நிறுவனம் விண்ணப்பித்து வாங்கித் தரும் வேலை விசா) அனுமதி 2028 செப்டம்பர் வரை இருக்கிறது, ஆனால் பாஸ்போர்ட் 2027 மார்ச்சில் முடிகிறது என்றால், ஐ-94ல் பாஸ்போர்ட் தேதியையே போட்டு அனுப்புவது சகஜம். பிறகு தூதரகத்தில் பாஸ்போர்ட்டைப் புதுப்பித்தாலும் ஐ-94 தானாக நீளாது. தேதி முடிவதற்குள் வெளியே போய்ப் புதிய பாஸ்போர்ட்டோடு திரும்பி வர வேண்டும், அல்லது நிறுவனம் குடியேற்றத் துறையான யுஎஸ்சிஐஎஸ்ஸிடம் நீட்டிப்பு கேட்டு விண்ணப்பிக்க வேண்டும். அதனால் ஊருக்குப் போகும்போதே பாஸ்போர்ட்டைப் புதுப்பித்துக்கொண்டு திரும்புவது நல்லது.

அதிகாரி விசா வகையையோ தேதியையோ தவறாகப் பதிந்திருந்தால் டிஃபர்ட் இன்ஸ்பெக்‌ஷன் என்ற சிபிபி அலுவலகத்தை அணுகுங்கள், அவர்களே திருத்துவார்கள். இன்னொன்று, நீட்டிப்பு கிடைத்தவர்களுக்கு ஐ-797ஏ என்ற ஒப்புதல் தாளின் கீழ்ப்பகுதியில் புது ஐ-94 வரும். அதன் பிறகு நீங்கள் வெளிநாடு போய்த் திரும்பினால், எல்லையில் பதிவாகும் தேதிதான் பொதுவாகச் செல்லும். எனவே புதிய ஐ-797ஐக் கையில் வைத்திருந்து அதிகாரியிடம் காட்டுங்கள்.

படி 3: வேலையில் சேரும்போது ஐ-9

1986 சட்டப்படி, அந்த ஆண்டு நவம்பர் 6க்குப் பிறகு வேலைக்கு எடுத்த எல்லோருக்கும், அமெரிக்கக் குடிமக்கள் உட்பட, ஐ-9 வேண்டும். ஊழியர் யார், அவருக்கு வேலை செய்ய அனுமதி உண்டா என்று முதலாளி சரிபார்க்கும் படிவம் இது. முதல் பகுதியை ஊழியர் வேலையின் முதல் நாளுக்குள் நிரப்ப வேண்டும். எச்-1பி ஊழியர் நான்காவது பெட்டியை (குறிப்பிட்ட தேதி வரை வேலை அனுமதி உள்ள வெளிநாட்டவர்) தேர்ந்தெடுத்து, அனுமதி முடியும் தேதியையும், ஐ-94 எண் அல்லது பாஸ்போர்ட் எண் போன்ற ஓர் அடையாள எண்ணையும் எழுதினால் போதும்.

இரண்டாம் பகுதி முதலாளியின் வேலை. மூன்று வேலை நாளுக்குள், அதாவது திங்கட்கிழமை சேர்ந்தால் வியாழக்கிழமைக்குள், அசல் ஆவணங்களைப் பார்த்து நிரப்ப வேண்டும். 2023 ஆகஸ்டில் வந்த பதிப்பில் படிவம் ஒரே பக்கமாகச் சுருங்கியது, மறுசரிபார்ப்புக்கான பழைய மூன்றாம் பகுதி தனி இணைப்பாகப் போனது. வேலை அனுமதியை இணையத்தில் சரிபார்க்கும் அரசு அமைப்பான ஈ-வெரிஃபையில் ஒழுங்காக இருக்கும் நிறுவனங்கள் ஆவண நகல்களை வாங்கிக்கொண்டு நேரலை வீடியோவில் சரிபார்க்கலாம், அதற்கென்று ஒரு பெட்டி உண்டு, அதை டிக் செய்ய வேண்டும்.

சிறிய உணவகமோ கடையோ நடத்துபவர்களுக்கு ஒரு வார்த்தை: "கிரீன் கார்டைக் காட்டு" என்று குறிப்பிட்டுக் கேட்காதீர்கள். ஐ-9 ஏற்கும் ஆவணங்களில் ஏ பட்டியலில் (அடையாளம், வேலை அனுமதி இரண்டுக்கும்) ஒன்று, இல்லையென்றால் பி (அடையாளம்), சி (வேலை அனுமதி) பட்டியல்களில் ஒவ்வொன்று. எதைக் காட்டுவது என்பது ஊழியரின் விருப்பம். கிரீன் கார்டு காலாவதியானது என்று அவரிடம் மறுபடியும் ஆவணம் கேட்பதும் கூடாது. இது பாகுபாடு என்று வழக்காகும், வேலைக்கு வந்தவருக்கும் அது அவமானம்.

படி 4: வேலை அனுமதி முடியும்போது

எச்-4 (எச்-1பி ஊழியரின் குடும்பத்தாருக்கான விசா) வைத்துக்கொண்டு, இஏடி என்ற வேலை அனுமதி அட்டையில் வேலை செய்பவர்கள் இதை நிதானமாகப் படியுங்கள். முன்பு புதுப்பிக்க விண்ணப்பித்த ரசீது இருந்தால், ஐ-94 தேதி இடம் கொடுக்கும்வரை, 540 நாள் வரை தானாக நீட்டிப்பு கிடைத்தது. 2025 அக்டோபர் 30 அன்றோ அதன் பிறகோ போட்ட விண்ணப்பங்களுக்கு, சில விதிவிலக்குகள் தவிர, அது இல்லை. அட்டை முடிந்து புதியது வரவில்லை என்றால் அடுத்த நாள் வேலை செய்யக் கூடாது. இடையில் சம்பளம் நின்றுபோகும் குடும்பங்களுக்கு இது எவ்வளவு பெரிய அடி என்று சொல்லத் தேவையில்லை. 180 நாள் முன்பே புதுப்பிக்க விண்ணப்பிக்கலாம், அந்த முதல் நாளையே குறித்துவைத்து அனுப்பிவிடுங்கள்.

எச்-1பி ஊழியர் நிலை வேறு. தேதி முடிவதற்குள் அதே நிறுவனம் நீட்டிப்பு விண்ணப்பம் போட்டிருந்தால் 240 நாள் வரை வேலையைத் தொடரலாம். முதலாளி ஐ-9ன் கூடுதல் தகவல் பெட்டியில் 240 நாள் நீட்டிப்பு என்றும் விண்ணப்பித்த தேதியையும் எழுதி, ரசீதைச் சேர்த்து வைக்க வேண்டும்.

நிரப்பிய ஐ-9ஐ எங்கும் அனுப்ப வேண்டாம். சேர்ந்த தேதியிலிருந்து 3 ஆண்டு, வேலையை விட்டதிலிருந்து 1 ஆண்டு, இதில் எது பிந்தியதோ அதுவரை கோப்பில் இருக்கட்டும். தணிக்கை நோட்டீஸ் வந்தால் எடுத்துக்கொடுக்கக் குறைந்தது 3 வேலை நாள் அவகாசம் தருவார்கள்.