மூன்று நாள் மூத்திரக் கணக்கு

வாழ்நாள் முழுக்கப் பேரேடு எழுதியவன் நான். ஆனாலும் டாக்டர், "எவ்வளவு குடிக்கிறீர்கள், எவ்வளவு போகிறீர்கள் என்று மூன்று நாள் எழுதிக்கொண்டு வாருங்கள்" என்றபோது சிரிப்புதான் வந்தது. அடிக்கடி ஒன்றுக்குப் போகிறவர்கள் மாத்திரை தேடுவதற்கு முன் இதைச் செய்து பார்க்கலாம்.

மில்லி கோடு போட்ட பிளாஸ்டிக் குவளை ஒன்று வேண்டும். சமையலறையிலிருந்து எடுத்தால் அது திரும்பிப் போகாது என்று வீட்டில் முதலிலேயே சொல்லிவிடுங்கள். நான் சொல்லாமல் எடுத்து வாங்கிக் கட்டிக்கொண்டேன். நோட்டில் நேரம், என்ன குடித்தது, எவ்வளவு, போன அளவு, அவசரம் எவ்வளவு என்று ஐந்து பத்தி போடுங்கள். அவசரத்துக்கு 0 முதல் 3 வரை மார்க். காபி, டீயும் வரவில் சேரும். இரவில் எழுந்ததைத் தனியாகக் குறிக்கவும். அடுத்தடுத்த நாட்களாக இருக்க வேண்டியதில்லை. வீட்டில் இருக்கிற நாட்களாகப் பார்த்துக்கொள்ளலாம்.

என் கணக்கு: நாளுக்கு 14 முறை, ஒவ்வொன்றும் 100 மில்லிச் சொச்சம். மொத்தம் ஒன்றரை லிட்டர், அதாவது உற்பத்தியில் குறையே இல்லை. சிறுநீர்ப்பை நிறைய நிறைய அதன் சுவர்த்தசை தளர்ந்து இடம் கொடுக்கும், கீழே வாய்த்தசை இறுகி மூடியிருக்கும். 150, 200 மில்லி சேரும்போது மூளைக்கு முதல் தகவல் போகும். அது வெறும் தகவல்தான், உத்தரவு இல்லை. பெரியவர்களுக்கு 400 மில்லி வரை சாதாரணமாகத் தாங்கும். போகும்போது எல்லாம் தலைகீழ்: வாய் தளரும், சுவர் தானே பிழியும். முக்கவே வேண்டாம்.

அப்படியானால் நான் ஏன் 100-லேயே ஓடினேன்? நோட்டிலேயே இருந்தது. பாதித் தடவை அவசரப் பத்தியில் பூஜ்யம். வெளியே கிளம்புமுன், படுக்குமுன், 'எதற்கும் ஒரு தடவை போய்விடலாம்' என்று போனவை அத்தனையும். பை கால்வாசி நிறைந்ததுமே காலி செய்து பழக்கினால், பையும் அதுதான் எல்லை என்று எடுத்துக்கொள்கிறது.

யூரின் டெஸ்டில் கிருமியும் சர்க்கரையும் இல்லை என்று தெரிந்த பிறகு டாக்டர் சொன்ன பயிற்சி இது. இப்போதைய இடைவெளியோடு 15 நிமிடம் கூட்டுங்கள். ஒரு வாரத்தில் அது பழகியதும் இன்னொரு 15. நடுவில் முட்டிக்கொண்டு வந்தால் ஓடாதீர்கள், ஓடினால்தான் சிந்தும். உட்கார்ந்து, பின்பக்கம் காற்று பிரியாமல் அடக்குவது போல அடித்தசையை ஐந்தாறு முறை சுருக்கி விடுங்கள். பெரும்பாலும் தணிந்துவிடும். அப்புறம் நிதானமாக நடந்து போகலாம். தண்ணீரைக் குறைத்து ஏமாற்றவும் கூடாது. சிறுநீர் கெட்டியானால் பையை இன்னும் உறுத்தும். இரண்டு மாதத்தில் 14 எனக்கு 8 ஆனது.

உங்கள் நோட்டு வேறு கதை சொல்லலாம். ஒவ்வொரு முறையும் 300, 400 என்று நாளுக்கு மூன்று லிட்டர் தாண்டினால் பை மேல் குற்றமில்லை. குடிப்பது அதிகமா என்று பாருங்கள், சர்க்கரையும் பாருங்கள். ராத்திரி மட்டும் நிறையப் போனால் கணுக்காலைக் கவனியுங்கள். பகலில் காலில் தேங்கிய நீர், படுத்ததும் ரத்தத்துக்குத் திரும்பிச் சிறுநீராகிறது. எரிச்சலோடு சொட்டுச் சொட்டாக வந்தால் சூடு என்று விட்டுவிடாமல் கிருமித்தொற்றா என்று பரிசோதியுங்கள். பெண்களுக்குச் சிறுநீர்க் குழாய் சுமார் 4 சென்டிமீட்டர்தான், கிருமி சுலபமாக ஏறிவிடும். ஐம்பது தாண்டிய ஆண்களுக்கு ஆரம்பிக்கவே தாமதம், மெலிந்த தாரை, போன பின்னும் மிச்சம் இருப்பது போல என்றால் சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கும் புராஸ்டேட் சுரப்பியின் வீக்கமாக இருக்கலாம். அவர்கள் இந்த அடக்கும் பயிற்சியைத் தாங்களாகத் தொடங்கக் கூடாது.

சிறுநீரில் ரத்தம் தெரிந்தால், வலி இல்லாவிட்டாலும், ஒரே தடவை என்றாலும், கணக்கெழுதிக்கொண்டு உட்காராதீர்கள். நடுங்கும் காய்ச்சலோடு விலாப்பக்கம் வலித்தாலும் அப்படியே. அடிவயிறு முட்டியும் ஒரு சொட்டுகூட வராவிட்டால், நடு ராத்திரியானாலும் ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டும். குழாய் போட்டு வடித்தால்தான் ஆகும்.