மச்சில் குடியிருந்த யட்சி

தக்கலைப் பக்கம் எங்களுடையது பழைய ஓட்டு வீடு. போன ஐப்பசியில் இரவு பதினொரு மணி ஆனால் போதும், மச்சில் யாரோ நடப்பார்கள். நடை நின்றதும் புதுச்சோறு வடித்த மாதிரி ஒரு மணம் இறங்கி வரும்.

"யட்சியாக்கும் மக்ளே. சுண்ணாம்பு கேட்டா கையில குடுத்துராத, கத்தி முனையில வச்சு நீட்டு" என்றார் ஆச்சி. யட்சி என்றால் பெண் பேய்; மேலாங்கோட்டில் அவளுக்குக் கோயிலே இருக்கிற ஊர்ப்பக்கம் இது. சிரிக்க முடியவில்லை.

ஏணி போட்டு ஏறினேன். உத்தரத்தின் மேல் எச்சம், அது நிறைய செரிக்காத பப்பாளி விதை. சரி, மரநாய்! பகலெல்லாம் தூங்கி, ராத்திரி பழம் தேடிக் கிளம்பும். அந்தச் சோற்று மணம் அதன் வாலடிச் சுரப்பியில் இருந்து வருவது.

விஷம் வைக்கச் சொன்னார் ஒருவர். 1972 வனவிலங்குச் சட்டம் காக்கிற பிராணி, கூடாது. நானோ அவசரப்பட்டு, அது நுழையும் ஓட்டையைப் பகலிலேயே அடைத்தேன். உள்ளே மாட்டிக்கொண்டது! அன்றிரவு மூன்று ஓடு போயிற்று.

அப்புறம்தான் ஒழுங்காகச் செய்தேன். கூரையைத் தொட்ட அயனி மரக் கிளையை வெட்டினேன். குட்டி எதுவும் இல்லை என்று பார்த்துக்கொண்டேன். அது வெளியே போன பிறகு, டார்ச் வெளிச்சத்தில் கம்பி வலை அடித்தேன். சத்தம் நின்றது.

ஆச்சி மட்டும் இன்னும் ஜன்னல் திண்டில் சுண்ணாம்பு வைக்கிறார். சில நாள் காலையில் கொஞ்சம் குறைந்திருக்கிறது. பல்லியாக இருக்கும்.