குழந்தைக்கு போர்ட் வைத்திருக்கிறார்களா? வீட்டில் பார்த்துக்கொள்வது எப்படி

என் மகளுக்கு நான்கு வயதில் ரத்தப் புற்றுநோய் சிகிச்சை தொடங்கியது. கையில் நரம்பு கிடைக்காமல் மாறி மாறிக் குத்தி, அவள் அழுது ஓய்ந்த பிறகு போர்ட் வைத்தார்கள். வீட்டுக்கு வந்த முதல் வாரம் அவளைத் தூக்கவே எனக்குக் கை நடுங்கியது. அந்த நடுக்கத்தோடு இருக்கும் அம்மா அப்பாக்களுக்காக எழுதுகிறேன். முழுவதும் படிக்க நேரமில்லை என்றால், கடைசியில் உள்ள காய்ச்சல் பகுதியை மட்டுமாவது படித்துவிடுங்கள்.

போர்ட் என்பது தோலுக்கு அடியில், பெரும்பாலும் காறை எலும்புக்குக் கீழே வைக்கப்படும் நாணய அளவு டப்பா. அதிலிருந்து போகும் மெல்லிய குழாயின் நுனி இதயத்தை ஒட்டிய பெரிய ரத்தக்குழாயில் இருக்கும். டப்பாவின் மேல் பக்கம் ரப்பர் போன்ற சிலிக்கோன் மூடி. ஊசியை எடுத்ததும் அது தானே மூடிக்கொள்ளும்.

1. அட்டையைப் படம் எடுங்கள்

அறுவை முடிந்ததும் போர்ட்டின் வகை எழுதிய அட்டை ஒன்று தருவார்கள். வீட்டில் எல்லோருடைய போனிலும் அதன் படம் இருக்கட்டும். சி.டி. ஸ்கேனில் படம் தெளிவாகத் தெரிவதற்கான கான்ட்ராஸ்ட் மருந்தை இயந்திரம் வேகமாகச் செலுத்தும்; எல்லாப் போர்ட்டும் அந்த அழுத்தத்தைத் தாங்காது. ஸ்கேன் அறையில் முதலில் அட்டையைக் காட்டுங்கள்.

2. குளிக்கும்போது பாருங்கள்

தினமும் ஒரு நிமிடம் போதும். சிவப்பு, வீக்கம், சூடு, நீர்க்கசிவு, தொட்டால் வலி, இவற்றில் எது தெரிந்தாலும் வார்டுக்குப் போன் செய்யுங்கள். அந்தப் பக்கத்துக் கையோ கழுத்தோ முகமோ வீங்கினால் ரத்தக்குழாய்க்குள் ரத்தம் உறைந்திருக்கலாம், உடனே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.

புண் ஆறி, ஊசியும் இல்லாதபோது வழக்கம்போலக் குளிக்கலாம், ஓடி விளையாடலாம். நெஞ்சில் அடி விழும் விளையாட்டு மட்டும் வேண்டாம். பாட்டி அன்போடு மஞ்சள் பத்துப் போட வருவார். வேண்டாம் என்று பக்குவமாகச் சொல்லுங்கள். திருநீறும் நெற்றியோடு நிற்கட்டும்.

3. ஊசி போடும் நாள்

மரத்துப்போகும் க்ரீமை மருத்துவர் எழுதித் தந்திருந்தால், ஊசிக்கு ஒரு மணி நேரம் முன்பு, அவர் சொன்ன அளவில் போர்ட் இருக்கும் மேட்டின் மேல் தடவி மூடி ஒட்டுங்கள். பேருந்துப் பயணம் என்றால் இறங்கும் நேரத்தைக் கணக்கிட்டுக்கொள்ளுங்கள். என் மகள் க்ரீம் தடவிய நாட்களில் அழவே இல்லை. அதனால் மறந்துபோன அந்த ஒரு நாள் எனக்கு இன்னும் உறுத்துகிறது.

4. ஊசியோடு வீட்டுக்கு அனுப்பினால்

ஒட்டு நனையக் கூடாது. எண்ணெய் படக் கூடாது, பட்டால் பிசின் விட்டுவிடும். ஊசியோடு இருக்கும் வெளிக்குழாயைச் சட்டைக்குள் சுருட்டி ஒட்டிவையுங்கள். தொடுவதற்கு முன் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். ஊசியை அதிகபட்சம் 7 நாளுக்கு ஒரு முறை மாற்றுவார்கள். எழுதிவைத்த தேதி தவறக் கூடாது.

அந்த வெளிக்குழாய் கிழிந்தால், கிழிசலுக்கும் நெஞ்சுக்கும் நடுவே கிளாம்பை (குழாயை இறுக்கி மூடும் கிளிப்) போடுங்கள், அல்லது மடித்து இறுக்கிப் பிடியுங்கள். ஊசி பாதி வெளியே வந்துவிட்டால் திரும்ப உள்ளே தள்ளவே கூடாது. இரண்டுக்குமே நேராக மருத்துவமனைதான்.

5. மாதாந்திர ஃப்ளஷ்

பயன்படுத்தாத மாதங்களிலும் குழாய் அடைக்காமல் இருக்க சலைனும் (உப்பு நீர்) ஹெப்பரினும் (ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து) செலுத்துவார்கள். இதுதான் ஃப்ளஷ். வழக்கமாக 4 வாரத்துக்கு ஒரு முறை. சில மருத்துவமனைகளில் இடைவெளி கூடுதல். முறையான பயிற்சி தந்தாலொழிய இதை வீட்டில் செய்ய வேண்டாம்.

ஒரு முறை சென்னை போக முடியாமல் எங்கள் ஊரில் ஒரு மருத்துவமனைக்குப் போனேன். அங்கே போர்ட்டில் குத்தச் சாதாரண ஊசியைக் கையில் எடுத்துவிட்டார்கள். அது சிலிக்கோன் மூடியைத் துருவி எடுத்துவிடும், பிறகு போர்ட் கசியும். குரல் நடுங்கினாலும் தடுத்தேன். ஆகவே மூன்று விஷயங்களை மனப்பாடம் செய்யுங்கள்: மூடியைத் துருவாத ஹ்யூபர் ஊசிதான் வேண்டும்; சிரிஞ்ச் 10 மில்லிக்குக் குறையக் கூடாது (சின்ன சிரிஞ்சில் அழுத்தம் கூடிக் குழாய் பிய்ந்துவிடும்); கையுறை, முகக்கவசம் இல்லாமல் தொடக் கூடாது. உங்கள் வார்டில் போடும் ஹ்யூபர் ஊசியின் அளவைக் கேட்டு, ஒன்றை வாங்கிப் பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

6. காய்ச்சல்

100.4 டிகிரி, அதாவது 38 செல்சியஸ். டிஜிட்டல் தெர்மாமீட்டர் இந்த எண்ணைக் காட்டினால் இரவு இரண்டு மணியானாலும் கிளம்புங்கள். "விடியட்டும் பார்க்கலாம்" என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். அக்குளில் வைத்தால் அளவு சற்றுக் குறைவாகக் காட்டும். எந்த எண்ணில் வர வேண்டும் என்று வார்டில் கேட்டு எழுதிவையுங்கள். ஆசனவாயில் மட்டும் தெர்மாமீட்டர் வைக்காதீர்கள்.

கீமோ எடுக்கும் குழந்தைக்கு வெள்ளணுக்கள் குறைந்திருக்கும். போர்ட்டில் கிருமி தங்கினால் நேரே ரத்தத்தில் கலக்கும், சில மணி நேரத்தில் நிலைமை கைமீறும். போய்ச் சேர்ந்த ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாட்டிக் ஏற வேண்டும். மருத்துவரைக் கேட்காமல் பாராசிட்டமால் கொடுக்காதீர்கள். காய்ச்சலை மறைத்துவிடும், கிருமியை ஒன்றும் செய்யாது.

தெர்மாமீட்டர் ஒன்றும் காட்டாமலேகூட, ஃப்ளஷ் செய்த சற்று நேரத்தில் குழந்தைக்குக் குளிர் வந்து உடம்பு தூக்கிப்போடலாம். வீட்டுக்குப் பாதி வழியில் இருந்தாலும் மருத்துவமனைக்கே திரும்புங்கள். போனதும் "குளிர் காய்ச்சல்" என்று சொல்லாதீர்கள். "போர்ட் இருக்கிறது, ஃப்ளஷ் செய்த பிறகு நடுக்கம் வந்தது" என்று அப்படியே சொல்லுங்கள்.