கை எங்கே போய் மோதும்? பராமரிப்பு வேலையில் கைக்கருவிக் காயங்களைத் தவிர்க்கும் முறை

சுரங்கத்திலும் ஆலைப் பராமரிப்பிலும் கைக்கருவியால் வரும் காயங்களில் பல கருவி ஓடும்போது வருவதில்லை. பிடி விடும்போதுதான் வருகின்றன. நட்டு திடீரென இளகும், ஸ்பேனர் வழுக்கும், உளி துள்ளும், கடப்பாரையின் முனை நழுவும். அதுவரை தடுத்து நின்ற பொருள் விலகியதும், கை மொத்த பலத்தோடு பக்கத்து இரும்பில் போய் மோதுகிறது. அதனால் பலம் கொடுப்பதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இது இப்போது விட்டால் கை எங்கே போகும்? வழியில் கூரான விளிம்போ, சூடான குழாயோ, பின்னால் பள்ளமோ இருந்தால் நிற்கும் இடத்தை முதலில் மாற்றுங்கள். கருவியை மாற்றுவதெல்லாம் அதற்கு அப்புறம்.

இதற்கெல்லாம் முன்பாக இயந்திரத்தின் மின்சாரத்தைத் துண்டித்துப் பூட்டுப் போட்டு, அட்டை தொங்கவிட்டிருக்க வேண்டும். மின்சாரம் போனாலும் தேங்கிய விசை போகாது. ஹைட்ராலிக் அழுத்தம், இழுபட்ட ஸ்பிரிங், கன்வேயர் பெல்ட்டை இழுத்துப் பிடிக்கும் எதிர் எடை எல்லாம் அப்படியே நிற்கும். அவற்றை இறக்காமல் ஸ்பேனரைத் தொடாதீர்கள்.

ஸ்பேனரும் இளகாத நட்டும்

இறுகிய நட்டை முதலில் இளக்க ரிங் ஸ்பேனரோ ஆறு முனை பாக்ஸ் ஸ்பேனரோ எடுங்கள். திறந்த வாய் ஸ்பேனர் நட்டின் இரண்டு பக்கங்களை மட்டும்தான் பிடிக்கிறது. பலம் கூடினால் வாய் விரிந்து நழுவும். நட்டு இளகிய பிறகு வேகமாகச் சுழற்றி எடுக்க அது போதும். பன்னிரண்டு முனை பாக்ஸ் புது நட்டுக்குச் சரி, துருப்பிடித்து மூலை தேய்ந்த நட்டில் அது வழுக்கும்.

அங்குல அளவையும் மில்லிமீட்டர் அளவையும் கலக்கும் பழக்கம் பல விரல் முட்டிகளைப் பதம் பார்த்திருக்கிறது. முக்கால் அங்குலம் என்பது 19.05 மி.மீ., அதனால் 19 ஸ்பேனரோடு கிட்டத்தட்ட ஒத்துப் போகும். அரை அங்குலம் 12.7 மி.மீ. 13 ஸ்பேனரைப் போட்டால் 0.3 மி.மீ. இடைவெளி இருக்கும். கையால் ஆட்டிப் பார்த்தால் சின்ன ஆட்டமாகத்தான் தெரியும், முழுப் பலம் கொடுக்கும்போது மூலை மழுங்கி ஸ்பேனர் சுழன்றுவிடும்.

வாயின் அகலத்தைத் திருகி மாற்றும் ஸ்க்ரூ ஸ்பேனரை எந்தப் பக்கம் திருப்புகிறீர்களோ அந்தப் பக்கம் அதன் நகரும் தாடை இருக்க வேண்டும். அப்போதுதான் பாரம் நிலையான தாடையில் விழும். தலைகீழாகப் போட்டால் பாரம் நகரும் தாடையிலும் திருகிலும் இறங்கி வாய் தளரும். இறுகிய நட்டை இளக்க இந்தக் கருவியை எடுக்காமல் இருப்பதே நல்லது. பைப் ரிஞ்சை நட்டில் போடவே கூடாது. அதன் பற்கள் உருண்டையைக் கடிக்க உண்டானவை, நட்டின் மூலையைத் தின்றுவிடும்.

முடிந்தவரை ஸ்பேனரை உங்களை நோக்கி இழுங்கள், தள்ளாதீர்கள். தள்ளும்போது விட்டால் விரல் முட்டிகள்தான் முன்னால் போகும். இடம் இல்லாமல் தள்ளியே ஆக வேண்டுமென்றால் கைப்பிடியைச் சுற்றி விரலை மடக்காமல் உள்ளங்கையை விரித்து வைத்துத் தள்ளுங்கள். இழுக்கும்போதும் ஒரு காலை முன்னால் வைத்து முழங்காலைச் சற்று மடக்கி நில்லுங்கள். நட்டு விட்டால் உடம்பு பின்னால் சாயும். பின்னால் படிக்கட்டோ, மேடையின் விளிம்போ இருக்கக் கூடாது.

இனி, ஸ்பேனரின் பிடியை நீளமாக்க மாட்டும் எக்ஸ்டென்ஷன் பைப். தடை செய்தும் ஒவ்வொரு ஆலையிலும் மூலையில் ஒரு பைப் சாய்ந்து நிற்கும். அது ஏன் தேவைப்படுகிறது என்று கணக்குப் போட்டால் விஷயம் புரியும். 8.8 வலிமைத் தரமுள்ள எம்24 (24 மி.மீ. விட்டம்) போல்ட்டுக்கு 36 மி.மீ. ஸ்பேனர். அதை இறுக்கும் திருக்குவிசை (டார்க்) ஏறக்குறைய 650 முதல் 700 நியூட்டன் மீட்டர். 36 ஸ்பேனரின் நீளம் சுமார் 400 மி.மீ. 70 கிலோ எடையுள்ள ஒருவர் அதன் நுனியில் முழு உடம்பையும் தொங்கவிட்டால்கூட கிடைப்பது சுமார் 275 நியூட்டன் மீட்டர்தான். துருவும் சேர்ந்தால் இளக்குவதற்கு இறுக்கியதைவிட அதிகமும் ஆகலாம். அதாவது அந்த வேலைக்கு அந்தக் கருவியே போதாது. பைப்பை மாட்டி நீளத்தை இரட்டிப்பாக்கினால் ஸ்பேனர் அது தாங்க வேண்டியதற்கு மேல் சுமக்கிறது. விரிந்தோ உடைந்தோ போகும், அல்லது பைப் கழன்று வரும். ஸ்பேனர் பிடியில் பைப்பை வெல்டு செய்வது இன்னும் மோசம். வெல்டின் சூட்டில் எஃகின் பதம் கெட்டுப் போகிறது.

மாற்று வழிகள் உண்டு: நீளப் பிடி பாக்ஸ், திருக்குவிசைப் பெருக்கி, ஹைட்ராலிக் டார்க் ரிஞ்ச், சம்மட்டியால் அடித்துத் திருப்பும் ஸ்லாகிங் ஸ்பேனர். ஹைட்ராலிக் டார்க் ரிஞ்ச் கையால் செய்ய முடியாததைச் செய்யும். ஆனால் ரிஞ்ச் சுழலாமல் தாங்கும் அதன் இரும்பு முட்டுக்கம்பி எதில் போய் முட்டுகிறதோ அங்கே விரல் இருந்தால் நசுங்கிவிடும். பம்ப் பொத்தானை அழுத்துபவரும் ரிஞ்சைப் பிடிப்பவரும் வெவ்வேறு ஆளாக இருக்கும்போதுதான் இது அடிக்கடி நேர்கிறது. முடிந்தால் ஒருவரே இரண்டையும் கையாளட்டும்.

துருப்பிடித்த நட்டுக்கு இந்த வரிசை. மரையைக் கம்பி பிரஷ்ஷால் தேயுங்கள். துரு இளக்கி எண்ணெய் விட்டுக் குறைந்தது கால் மணி நேரம் காத்திருங்கள், முந்தின நாளே விட்டு வைப்பது உத்தமம். நட்டின் ஒரு பக்கத்தில் கனமான இரும்பைத் தாங்கு கொடுத்து எதிர்ப் பக்கத்தில் சுத்தியலால் தட்டுங்கள், துருப் பூச்சு உதிரும். ஒரு நூல் இறுக்கிப் பார்த்து, பிறகு இளக்குங்கள். அதற்கும் அசையாவிட்டால் எண்ணெயை முழுதாகத் துடைத்துவிட்டு, அனல் வேலை அனுமதி வாங்கி நட்டை மட்டும் சூடாக்கலாம். மூடிய உட்குழிவுள்ள பாகம், ஹைட்ராலிக் குழாய், டயர் பொருத்திய சக்கரம் ஆகியவற்றின் அருகே சூடு வேண்டாம். கடைசி வழி நட்டைப் பிளக்கும் கருவி. நட்டு ஒன்று பலியாகும், அவ்வளவுதான்.

மறுபக்க ஸ்பேனர்

ஒரு பக்கம் திருகும்போது மறுபக்க நட்டைப் பிடிக்க இன்னொரு ஸ்பேனர் இருக்கும். ஹெல்பர் அதைக் கையில் பிடித்து நிற்பார். போல்ட் சேர்ந்து சுழன்றதும் அந்த ஸ்பேனர் வேகமாக வந்து பக்கத்துச் சட்டத்தில் அடிக்கும், நடுவில் அவர் விரல். அந்த ஸ்பேனரைக் கையால் பிடிக்கவே தேவையில்லை. அதுவாகவே போய்ச் சாய்ந்து நிற்கும் இடத்தில் சட்டத்தோடு முதலிலேயே ஒட்டி வைத்து, கயிற்றாலோ காந்தப் பிடியாலோ கட்டிவிட்டுக் கையை எடுங்கள்.

சுத்தியல், சம்மட்டி, உளி

அடிக்கும் வேலையில் அடிபடுவது பெரும்பாலும் பிடிக்கும் கைதான். உளியையோ பஞ்ச் கருவியையோ பிடிக்க நீளப் பிடியுள்ள உளிப்பிடி உபயோகியுங்கள். சம்மட்டி வீசும் இடத்தில் ஒருவர் பிடிக்க ஒருவர் அடிப்பதென்றால், பிடிப்பவர் வீச்சின் கோட்டில் நிற்காமல் பக்கவாட்டில் நிற்க வேண்டும், சம்மட்டி எட்டாத தூரத்தில் கையை வைத்துக்கொள்ள வேண்டும். ஸ்லாகிங் ஸ்பேனரை நட்டில் உட்கார வைத்ததும் அதன் கண்ணியில் கயிறு கட்டி, தள்ளி நின்று இழுவையில் வைத்திருங்கள். முதல் இரண்டு மூன்று அடி மெதுவாக, ஸ்பேனர் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்க்க. ஒவ்வொரு அடிக்குப் பிறகும் அது நகர்ந்திருக்கும், மறுபடி உட்கார வைத்துவிட்டு அடுத்ததைப் போடுங்கள்.

சுத்தியலின் முகம் உளித்தலையைவிடச் சுமார் 10 மி.மீ. அகலமாக இருக்கட்டும். தட்டையாக விழ வேண்டும், விளிம்பால் அடித்தால் சில்லு பறக்கும். சுத்தியலைச் சுத்தியலால் அடிக்காதீர்கள். இரண்டு முகமும் கடினப்படுத்திய எஃகு, இரண்டும் மோதினால் சில்லு துப்பாக்கிக் குண்டுபோலப் பறக்கும். அடிவாங்கி அடிவாங்கி உளித்தலை காளான்போல விரிந்து ஓரத்தில் பிசிறு தொங்கினால் அதை அரைத்து ஓரத்தைச் சுமார் 45 பாகையில் சரித்துவிட வேண்டும். அரைக்கும்போது நீரில் நனைத்து ஆற்றிக்கொண்டே செய்யுங்கள், நீலம் பாரித்தால் பதம் போய்விட்டது என்று அர்த்தம். பக்கக் காப்புள்ள கண்ணாடி அடிப்பவருக்கு மட்டுமல்ல, பிடிப்பவருக்கும் அருகில் நிற்பவருக்கும்.

கைப்பிடி ஆடினால் அன்றைக்கே மாற்றுங்கள். டேப் சுற்றிய கைப்பிடிக்குள் விரிசல் ஒளிந்திருக்கும். ஆகவே டேப் சுற்றிய சுத்தியல் ஆய்வில் தேறவே கூடாது.

துளையைப் பொருத்துவது விரலின் வேலையல்ல

குழாய்களை இணைக்கும் ஃபிளாஞ்ச் தகடுகளின் இரண்டு துளைகள் நேராகின்றனவா என்று விரலை விட்டுத் தடவிப் பார்ப்பது, காலங்காலமாக நடக்கும் தவறு. மேலே செயின் பிளாக்கில் தொங்கும் பாகம் ஒரு மில்லிமீட்டர் ஆடினாலும் துளைகளின் விளிம்புகள் கத்தரியாகின்றன. பிடியின் முனை கூராக உள்ள பாட்ஜர் ஸ்பேனரையோ டிரிஃப்ட் ஊசியையோ துளைக்குள் விட்டு நேராக்குங்கள். ஃபிளாஞ்சுகளுக்கு நடுவே கசிவைத் தடுக்கும் கேஸ்கெட்டை மாற்றும்போது கீழ்ப் போல்ட் இரண்டை விட்டுவிட்டு மற்றவற்றைக் கழற்றி, ஆப்பு வைத்து இடைவெளியை நிறுத்தி, கேஸ்கெட்டின் வெளி ஓரத்தை மட்டும் பிடித்து இறக்கலாம். கன்வேயர் ரோலரை ஸ்டாண்டில் இறக்கும்போதும் அதேதான், அச்சு முனையின் கீழே கை போகக் கூடாது.

வாரக் கம்பி

சுரங்கத்தில் கூரையில் தளர்ந்த பாறையைத் தட்டி இறக்கும் வாரக் கம்பிக்குத் தனிக் கவனம் வேண்டும். உறுதியான கூரையின் கீழே நின்று, நல்ல பக்கத்திலிருந்து கெட்ட பக்கத்தை நோக்கி வேலை செய்யுங்கள். முதலில் தட்டிக் கேளுங்கள். திண்ணென்று மணிபோல ஒலித்தால் உறுதி, பொத்தென்று உள்ளீடற்று ஒலித்தால் தளர்வு. கம்பியைத் தரையோடு 45 பாகைக்கு மேல் செங்குத்தாக நிறுத்தினால் உடைந்த கல் கம்பி வழியே சறுக்கிக் கையில் இறங்கும். கம்பியின் முடிவு வயிற்றுக்கு நேராக இருக்கக் கூடாது, உடம்பின் பக்கவாட்டில் இருக்கட்டும். பின்வாங்கும் வழியில் கல்லோ கேபிளோ கிடந்தால் முதலில் அதை அகற்றுங்கள். மழுங்கிய முனை வழுக்கும்.

கத்தி, திருப்புளி, அரம்

பெல்ட் ரப்பரை வெட்டும்போது ஒரே இழுப்பில் அறுக்கப் பார்க்காமல் ஆழம் குறைவாகப் பல முறை இழுங்கள். பிடிக்கும் கை எப்போதும் பிளேடுக்குப் பின்னால். விட்டதும் தானாக உள்ளிழுத்துக்கொள்ளும் கத்தி நல்லது. மழுங்கிய பிளேடுதான் அதிகம் வெட்டும், ஏனெனில் பலம் கூட்ட வேண்டியிருக்கிறது. கேபிள் உறைக்குக் கத்தியே வேண்டாம், உறை உரிக்கும் கருவி இருக்கிறது. சின்னப் பாகத்தை உள்ளங்கையில் வைத்துத் திருப்புளி போடுவதை நிறுத்துங்கள், வைஸில் பூட்டுங்கள். பிடி இல்லாத அரத்தின் வால் உள்ளங்கையில் ஏறும்.

கையுறை எதற்கு உதவும், எதற்கு உதவாது

இஎன் 388 என்ற ஐரோப்பியத் தரக் கையுறையில் வெட்டுத் தாங்கும் திறனை ஏ முதல் எஃப் வரை எழுத்தால் குறிப்பார்கள், கடைசியில் பி (P) என்ற எழுத்து இருந்தால் மோதல் சோதனையில் தேறியது. மேல்புறம் ரப்பர் பட்டை வைத்த அவ்வகை, முட்டி அடிபடும் வேலைக்குப் பயன்படும். நசுங்குவதிலிருந்து எந்தக் கையுறையும் காக்காது. சுழலும் ஷாஃப்ட், டிரில், லேத் அருகே கையுறை ஆபத்து, துணியைப் பிடித்துக் கையையே இழுத்துக்கொள்ளும். மோதிரத்தைக் கழற்றிவிட்டு வேலைக்கு இறங்குங்கள், எங்காவது மாட்டினால் விரலின் தோலோடு உருவிக்கொண்டு வரும்.

மின் வேலைக்கு ஐஇசி 60900 முத்திரையும் 1000 வோல்ட் குறியும் உள்ள கருவிகள் மட்டும். பிளாஸ்டிக்கில் தோய்த்த சாதாரணக் கைப்பிடி பிடிமானத்துக்கு மட்டுமே. தீப்பிடிக்கும் வாயு உள்ள இடத்தில், பொறி எழ வாய்ப்புக் குறைந்த பெரிலியம் செம்பு அல்லது அலுமினிய வெண்கலக் கருவி பயன்படும். அவை மென்மையானவை, வாய் சீக்கிரம் விரியும், அடிக்கடி பாருங்கள். செம்பு கலந்தவை அசிட்டிலீன் உள்ள இடத்துக்கு ஆகாது.

பழுதான கருவியைக் குப்பைத் தொட்டியில் போடாதீர்கள். அடுத்த ஷிஃப்டில் யாரோ எடுத்து வந்துவிடுவார். இரண்டாக வெட்டிப் போடுங்கள்.

காயம் பட்டால்

ரத்தம் பீறிட்டால் சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்துக் கையை நெஞ்சுக்கு மேலே தூக்குங்கள். விரல் துண்டாகியிருந்தால் உப்பு நீரில் நனைத்துப் பிழிந்த சுத்தமான துணியில் சுற்றி, நீர் புகாத பையில் போட்டு மூடி, அந்தப் பையைப் பனிக்கட்டி கலந்த நீரில் வையுங்கள். துண்டு நேரடியாகப் பனிக்கட்டியில் படக் கூடாது, உறைந்தால் திசு செத்துவிடும். நேரத்தை எழுதி உடன் அனுப்புங்கள்.

கண்ணில் சில்லு பாய்ந்ததாகச் சந்தேகம் இருந்தால் தேய்க்காதீர்கள், பிடுங்காதீர்கள். வலி குறைவாக இருந்தாலும் உள்ளே போயிருக்கலாம். இரும்புச் சில்லு என்று மருத்துவரிடம் முதலிலேயே சொல்லுங்கள், எம்ஆர்ஐ எடுத்தால் அதன் காந்தம் சில்லை நகர்த்திவிடும்.

எல்லாவற்றிலும் ஏமாற்றுவது கிரீஸ் கன் காயம். முனையை விரலால் அடைத்துப் பார்த்தபோதோ, வெடித்த குழாயைக் கையால் தடவியபோதோ தோலில் ஊசி குத்தியதுபோல ஒரு புள்ளி மட்டும் இருக்கும், ரத்தம்கூட வராது. உள்ளே கிரீஸ் தசைநார் உறை வழியே உள்ளங்கை வரை பரவியிருக்கும். வீக்கமும் வலியும் சில மணி நேரம் கழித்தே ஆரம்பிக்கும், அதற்குள் விரலை இழக்கும் நிலை வந்துவிடலாம். பிதுக்கிப் பார்க்காமல், வெறும் பேண்டேஜ் ஒட்டாமல், உடனே கை அறுவை சிகிச்சை வசதியுள்ள மருத்துவமனைக்கு அனுப்புங்கள். “உயர் அழுத்தத்தில் கிரீஸ் உள்ளே ஏறியிருக்கிறது” என்று அதே சொற்களில் சொல்லி, அந்த கிரீஸின் பாதுகாப்புத் தாளையும் கையில் கொடுத்தனுப்புங்கள்.