நியூரோசைக்காலஜி பரிசோதனை: வீட்டார் செய்யும் 'உதவி'யே கெடுக்கும் இடங்கள்

நரம்பியல் டாக்டர் "நியூரோசைக்காலஜி டெஸ்ட் எடுத்துட்டு வாங்க" என்று சீட்டு எழுதிக் கொடுத்ததும், பெங்களூருத் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில் குழப்பம் ஆரம்பமாகிவிடும். நினைவு, கவனம், யோசிக்கும் திறன் எப்படி இருக்கிறது என்று கேள்விகளாலும் சின்னச் சின்ன வேலைகளாலும் பார்க்கும் சோதனை இது. சிலர் ஸ்கேன் மாதிரி ஏதோ ஒன்று என்று நினைத்துப் பெரியவரை வெறும் வயிற்றோடு அழைத்துப் போவார்கள். சிலர் நிம்ஹான்ஸ் (பெங்களூரில் உள்ள தேசிய மனநல, நரம்பியல் மருத்துவ நிறுவனம்) என்ற பெயரைக் கேட்டதுமே, "எங்க அப்பாவுக்கு என்ன பைத்தியமா?" என்று கோபப்பட்டுப் போகாமலே விட்டுவிடுவார்கள்.

அந்த இடத்தில் பழைய மனநல மருத்துவமனை இருந்தது உண்மைதான். 1974-இல் அதையும் அகில இந்திய மனநலக் கழகத்தையும் இணைத்துத்தான் நிம்ஹான்ஸ் உருவானது. ஆனால் பக்கவாதம், வலிப்பு, தலைக்காயம், மூளைக்கட்டி என்று நரம்பியல் நோயாளிகளும் அங்கே பெரும் எண்ணிக்கையில் வருகிறார்கள். பெயருக்குப் பயந்து சோதனையைத் தள்ளிப்போட்டால், மறதி நோயின் ஆரம்ப மாதங்கள்தான் வீணாகும்.

சோதனையில் ஊசி கிடையாது, மின்சாரம் கிடையாது. ஒரு கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட், அதாவது மருத்துவ உளவியல் நிபுணர், எதிரே உட்கார்ந்து வேலைகள் கொடுப்பார். பதினைந்து சொற்களை வாசித்துக் காட்டித் திரும்பச் சொல்லச் சொல்வார். அதையே சில முறை செய்வார். நடுவில் வேறு வேலை கொடுத்துவிட்டு, அரை மணி நேரம் போல விட்டு மறுபடி கேட்பார். ஒரு நிமிடத்தில் எத்தனை மிருகங்களின் பெயர் வருகிறது, எண்களைப் பின்னாலிருந்து சொல்ல முடிகிறதா, சிக்கலான ஒரு படத்தைப் பார்த்து வரைந்தபின் பார்க்காமலும் வரைய முடிகிறதா என்று போகும். எம்ஆர்ஐ மூளையின் அமைப்பைக் காட்டும். அந்த மூளையோடு மனிதர் எப்படி நினைவு வைக்கிறார், எப்படித் திட்டமிடுகிறார் என்பதை இந்தச் சோதனைதான் காட்டும். எல்லாம் முடிய இரண்டு மணி நேரமும் ஆகலாம், நான்கும் ஆகலாம். களைப்பானவர்களுக்கு இரண்டு நாளாகப் பிரித்தும் வைப்பார்கள். அதனால் நன்றாகச் சாப்பிட்டுவிட்டுப் போங்கள். சர்க்கரை உள்ளவர் என்றால் கையில் பிஸ்கட்டாவது இருக்கட்டும்.

சரி, இப்போது பெரிய தவறுக்கு வருகிறேன். முதல் நாள் ராத்திரி பிள்ளைகள் உட்கார்ந்து அம்மாவுக்குப் பாடம் நடத்துவார்கள். இன்றைக்கு என்ன தேதி, முதலமைச்சர் யார், நூறிலிருந்து ஏழேழாகக் கழி. யூடியூபில் சோதனை மாதிரிகளைத் தேடிப் பழக்குகிறவர்களும் உண்டு. பாசத்தில்தான் செய்கிறார்கள். ஆனால் இதில் பாஸ், ஃபெயில் எதுவும் இல்லை. நன்றாக இருப்பவர்களுக்கும் சில கேள்விகள் முட்டுகிற மாதிரிதான் இந்தச் சோதனைகளை அமைத்திருக்கிறார்கள். பழக்கிவிட்டுக் கூட்டிப் போனால் இருக்கிற குறை மறைந்துபோகும். "வயசானா இப்படித்தான்" என்று திருப்பி அனுப்பப்பட்டுச் சிகிச்சை தள்ளிப்போனால் நஷ்டம் அம்மாவுக்குத்தானே? இதே காரணத்தால்தான் குறுகிய இடைவெளியில் சோதனையைத் திரும்ப எடுப்பதில்லை. வேறு இடத்தில் சமீபத்தில் எடுத்திருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள்.

இன்னொரு 'உதவி' அறைக்குள் நடக்கும். பக்கத்தில் உட்கார்ந்து உதட்டை அசைப்பது, "அதான்மா, நேத்துகூடச் சொன்னியே" என்று எடுத்துக் கொடுப்பது. உங்களை வெளியே உட்காரச் சொன்னால் வருத்தப்படாதீர்கள். உங்களிடம் தனியாகவும் பேசுவார்கள். அடுப்பை அணைக்க மறக்கிறாரா, பழகிய தெருவில் வழி தவறினாரா, பணக்கணக்கில் குழம்புகிறாரா என்று அப்போது கேட்பார்கள். குடிப்பழக்கம் இருந்தால் அதையும் சொல்ல வேண்டிய நேரம் அதுதான்.

மொழி விஷயத்தைப் பெங்களூரில் யாரும் முன்கூட்டியே யோசிப்பதில்லை என்பது எனக்கு நிஜமாகவே கவலை தருகிறது. அல்சூரிலோ ஸ்ரீராமபுரத்திலோ பிறந்தவர் வீட்டில் தமிழ் பேசுவார், கன்னட மீடியத்தில் படித்திருப்பார், வேலையில் ஆங்கிலம் பேசியிருப்பார். எழுத்துக் கூட்டிப் படிக்கக் கன்னடம்தான் வரும், மனக்கணக்கு தமிழில் ஓடும். அவரை "இங்கிலீஷ்லயே பண்ணிடுங்க, நல்லாப் பேசுவார்" என்று மகன் ஒப்புக்கொண்டால், மொழித் தடுமாற்றம் மூளைத் தடுமாற்றமாகப் பதிவாகிவிடும். எல்லாச் சோதனைகளும் தமிழில் கிடைக்கும் என்றும் நினைத்துவிடாதீர்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐசிஎம்ஆர்) உருவாக்கிய சோதனைத் தொகுப்பு முதலில் இந்தி, வங்காளம், தெலுங்கு, கன்னடம், மலையாளம் என்ற ஐந்து மொழிகளில்தான் வந்தது. ஆகவே அப்பாயின்ட்மென்ட் வாங்கும்போதே, "பேசுவது தமிழ், படித்தது இந்த மொழி, தமிழ் தெரிந்தவர் யாராவது இருக்கிறார்களா?" என்று கேட்டுவிடுங்கள். மொழிபெயர்க்க ஆள் வேண்டும் என்றால், அது மகளாகவோ மருமகளாகவோ இல்லாமல் இருப்பது நல்லது. வீட்டார் மொழிபெயர்க்கும்போது தெரியாமலே பதிலைச் சரிசெய்துவிடுவார்கள்.

படிப்பையும் வயதையும் கூட்டியோ குறைத்தோ சொல்வது இதைவிட மோசம். மதிப்பெண்ணை மட்டும் தனியாக வைத்துப் பார்த்தால் அதற்கு அர்த்தம் இல்லை. அதே வயதும் அதே அளவு படிப்பும் உள்ள நல்ல ஆரோக்கியமானவர்களோடு ஒப்பிட்டால்தான் அது பேசும். நிம்ஹான்ஸ் 2004-இல் வெளியிட்ட சோதனைத் தொகுப்பில் வயது, பாலினம், கல்வி வாரியாக அப்படி ஒப்பிட அளவுகள் இருக்கின்றன. ஐந்தாவதோடு நின்றவரை கௌரவத்துக்காக எஸ்எஸ்எல்சி என்று சொன்னால், அவரைப் பத்து வருடம் படித்தவர்களோடு வைத்துப் பார்ப்பார்கள். இல்லாத நோய் இருப்பதாகத் தோன்றும். ஆதாரில் இருக்கும் வயது தோராயமாகப் போட்டது என்றால் உண்மையான வயதைச் சொல்லிவிடுங்கள்.

மூக்குக் கண்ணாடி, காது மிஷின் இரண்டையும் மறக்கக்கூடாது. மிஷினில் பேட்டரி இருக்கிறதா என்றும் பாருங்கள். காதில் விழாத சொல் நினைவில் நிற்காத சொல்லாகத்தான் கணக்கில் போகும். ஓசூர், கிருஷ்ணகிரி பக்கமிருந்து விடியற்காலையில் பஸ் ஏறி, சில்க் போர்டு நெரிசலில் மாட்டி, தூக்கக் கலக்கத்தோடு வந்து உட்காருகிறவர்கள் உண்டு. தொலைவிலிருந்து வந்தால் முந்தின நாளே வந்து தங்குங்கள், இல்லையென்றால் மதிய நேரம் கேளுங்கள். காய்ச்சலோ சளியோ இருந்தால் தேதியை மாற்றிக்கொள்ளலாம். ஆஸ்பத்திரியில் குழப்ப நிலையில் இருந்து அப்போதுதான் டிஸ்சார்ஜ் ஆனவருக்கு உடனே எடுப்பது சரிவருமா என்று டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். "தூக்கம் வருது, டெஸ்ட் அன்னைக்கு மட்டும் வேண்டாம்" என்று வலிப்பு மாத்திரையை விட்டால் வலிப்பே வந்துவிடலாம். தினமும் எடுப்பதை எடுத்துக்கொண்டு, சித்த மருந்து, தூக்க மாத்திரை உட்பட எல்லாவற்றையும் எழுதிக் கொண்டுபோங்கள்.

மனவருத்தம், தூக்கம், வீட்டுப் பிரச்சினை பற்றிக் கேட்டால் "மறதிக்கு வந்தோம், இதெல்லாம் எதுக்கு?" என்று மடக்க வேண்டாம். மனச்சோர்வு கவனத்தையும் நினைவையும் பலமாகக் குறைத்துவிடும். சிகிச்சையில் தேறக்கூடிய காரணம் அது. விபத்து இழப்பீட்டுக்காகவோ சான்றிதழுக்காகவோ தெரிந்ததையும் தெரியாது என்று சொல்லச் சொல்வதும் வேண்டாம். ஒருவர் முழு முயற்சியோடு செய்கிறாரா என்று பார்க்கவும் தனிச் சோதனைகள் உண்டு. அதில் பிடிபட்டால் உண்மையான பாதிப்பையும் நம்ப மாட்டார்கள்.

தனியார் இடம் என்றால், சோதிப்பவர் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் கிளினிக்கல் சைக்காலஜிஸ்டாகப் பதிவு செய்தவரா என்று கேளுங்கள். தப்பாக நினைக்க மாட்டார்கள்.

அப்புறம், அறிக்கை வந்ததும் கவரை டாக்டரிடம் நீட்டிவிட்டுக் கிளம்பிவிடாதீர்கள். எண்களை மட்டும் பார்த்துப் பயப்படவும் வேண்டாம். சைக்காலஜிஸ்ட் உட்கார்ந்து விளக்க நேரம் கேளுங்கள். மாத்திரையை அவரே எடுத்துக்கொள்ளலாமா, வண்டி ஓட்டலாமா, பேங்க் வேலையை யார் பார்ப்பது, எந்தத் திறமை நன்றாக இருக்கிறது என்று கேளுங்கள். கடைசிக் கேள்வியை யாரும் கேட்பதில்லை, ஆனால் குறைந்த திறமைகளை ஈடுகட்டக் கொடுக்கும் மறுபயிற்சி அதை வைத்துத்தான் அமையும். அறிக்கையில் சோதனை நடந்த மொழி, தேதி, அன்று எடுத்த மருந்து மூன்றும் இருக்கிறதா பாருங்கள். நகலைப் பத்திரப்படுத்துங்கள். ஒரு வருடம் கழித்து நோய் கூடியிருக்கிறதா என்று பார்க்க அடுத்த டாக்டர் முதலில் கேட்கப்போவது இதைத்தான்.