வில்லங்கச் சான்று மட்டும் போதாது
சென்னையில் பழைய அடுக்குமாடி வீடு வாங்குவோர் பலர், பதிவுத்துறை இணையதளத்தில் 30 ஆண்டுகளுக்கு வில்லங்கச் சான்று (சொத்தின் மீது பதிவான விற்பனை, அடமானம் போன்றவற்றின் பட்டியல்) எடுத்ததுமே நிம்மதி அடைந்துவிடுகிறார்கள். ஆனால் பதிவான ஆவணங்கள் மட்டுமே அதில் இடம்பெறும் என்பதால், பத்திரத்தை ஒப்படைத்துப் பதிவின்றி வாங்கிய கடனோ, பதியாத உயிலோ அதில் தெரியாது. எனவே மூலப்பத்திரங்களின் (சொத்து முன்பு கைமாறி வந்ததைக் காட்டும் பழைய பத்திரங்கள்) அசலை நேரில் காட்டச் சொல்லுங்கள். நகலை மட்டும் நீட்டி, ‘அசல் ஊரில் இருக்கிறது’ என்பவரிடம் முன்பணம் கொடுக்காதிருப்பதே நல்லது என்பேன். பத்திரத்தில் உள்ள பிரிபடாத நிலப்பங்கின் (கட்டடம் நிற்கும் நிலத்தில் அந்த வீட்டுக்குரிய பங்கு) அளவையும், சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமத்தின் (சி.எம்.டி.ஏ.) ஒப்புதல் வரைபடத்தில் உள்ள தளங்களின் எண்ணிக்கையையும் சரிபாருங்கள். விலை 50 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ என்றால், 1 விழுக்காடு வருமான வரியைப் பிடித்துச் செலுத்த வேண்டியவர் வாங்குபவரே. விற்பவர் வெளிநாடுவாழ் இந்தியர் எனில் பிடித்தம் இன்னும் கூடுதல்.